மடுவத்தில் மூன்று கிலோ

இன்றைக்கும் மூன்று கிலோ வெட்டச் சொன்னார்
கண்டக்டர் ஐயா.
கொழுந்தின் ஈரம், படங்கின் பாரம்,
போகிற வழியில் வாடும் வாட்டம்,
எல்லாம் சேர்த்துத் தலைக்கு மூன்று.
புதுத் தராசு, பற்றரியில் ஓடுகிறது.
சிவப்பு எண்கள்.
ஒரு பொத்தானை அமுக்கினால் போதும்,
பாவம்கூடச் சத்தம் போடாது.

பொகவந்தலாவை மேல்கணக்கில்
ஆறு நாளாய் மழை விடவில்லை.
மடுவத்துத் தகரத்தில் அதன் பேச்சுத்தான்
பெரிய பேச்சு.
வரிசையின் முன்னால் பவளக்கொடி அக்கா,
கால்விரல் இடுக்கில் அட்டை கடித்த ரத்தம்,
கெண்டைக்காலில் கரையாத சவர்க்காரம்.
பதினெட்டு வராவிட்டால் அரைப்பேர்.
அவளுக்கு வந்திருப்பது இருபது.
கழித்தல் எனக்குப்
பள்ளிக்கூடத்திலேயே நன்றாக வரும்.

அழகுமலை என்று ஒருவர் இருந்தார்.
என் அப்பாவின் அப்பா.
அவர் எனக்கு ஒன்றும் சொல்லித் தந்ததில்லை,
அவரோடு பேச எங்களுக்கு அனுமதியே இல்லை.

ஃபெக்டரியில் எண்ணெய் விடுகிற வேலை.
ரோதை முனிக்குப் பூசை வைப்பதும் அவர்தான்.
வெள்ளிக்கிழமை ஒரு தேங்காய், ஒரு சுருட்டு,
மசகெண்ணெய் வாசம் அடிக்கும் விபூதி.
விரல் தின்னுகிற சாமி என்பார்கள்.
அவருடைய பத்து விரலும்
பத்திரமாகவே இருந்தன.

ஒரு தை மாதம்
இரண்டு மூட்டைத் தூள்
இரவோடு இரவாய் லொறி ஏறியது.
துரை விசாரணை வைத்தார்.
யாரும் பார்க்கவில்லை.
கடைசியில் தாத்தாவைக் கூப்பிட்டு,
முனி முன்னால் கற்பூரத்தை அணைச்சுச் சொல்லு என்றார்கள்.
பெற்ற மகனுக்காக ஒரு பொய்.
முனிக்குக் காது கேட்குமா,
அதுவும் அந்த இரைச்சலில்?
லயமே அப்படித்தான் நினைத்தது.

அவர் கற்பூரத்தைத் தொடவில்லை.
"சத்தியம் எதுக்குங்க,
மூட்டை தூக்குனது நல்லுசாமி. எம் மகன்தான்.
தைச்ச சாக்கூசி என்னோடது."

அப்பாவின் பேரை வெட்டினார்கள்.
கொட்டாஞ்சேனையில் ஒரு சாக்குக் கடை,
பதினொரு வருஷம்.
அம்மாவின் தோடு போனது,
அண்ணனின் படிப்பு போனது.
அவர் சொன்ன உண்மைக்கு
விலை கட்டியவர்கள் நாங்கள்.
மறைக்க மாட்டேன்,
சோறு பிசையும்போதுகூட அவரை வெறுத்திருக்கிறேன்.

மாதாமாதம் ஒரு மணியோடர் வரும்.
கடிதம் கிடையாது.
அப்பா ஒன்றையும் திருப்பி அனுப்பவில்லை,
ஒன்றுக்கும் பதில் போடவில்லை.
செக்ரோல் எழுதியவர் பிறகு சொன்னார்,
அது அவருடைய சம்பளத்தில் சரிபாதியாம்.
அந்தப் பதினொரு வருஷமும்
தனக்குத்தானே அரைப்பேர் போட்டிருக்கிறார் மனுஷன்.

கொள்ளிக்குடம் உடைத்துவிட்டு வந்து
பீலிக்கரையில் வெகுநேரம் நின்றார் அப்பா.
தலை துவட்டும்போது சொன்னது இது மட்டும்தான்:
"அந்த ஊசி அவரோடது இல்ல.
டவுன்ல நான் வாங்குனது."

அதனால்தான் கற்பூரத்தைத் தொடவில்லை போலும்.
முனியை ஏமாற்றாமல்
முனிக்கு முன்னாலேயே
ஒரு பொய்யை இறக்கி வைக்க
அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"பவளக்கொடி, இருபது."
சத்தமாகத்தான் சொன்னேன்,
மழைக்கும் கேட்கட்டும் என்று.
கண்டக்டர் ஐயா பேனாவை மூடினார்,
மறுபடி திறந்தார்.
நாளைக்கு என் பேரும் வெட்டுப்படலாம்.
வீட்டில் இரண்டு பிள்ளைகள்,
அவர்களிடம் நான் கேட்கவில்லை.
அன்றைக்கு எங்களிடமும் யாரும் கேட்கவில்லை.

கீழே ஃபெக்டரியில் ரோதை சுற்றுகிறது.
அது என்னைப் பாராட்டவில்லை,
கொழுந்து கேட்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது மரியாயி.
நேற்றுவரை காய்ச்சலில் கிடந்தவள்.
படங்கை அவிழ்த்துக் கொட்டுகிறாள்.
எண்கள் ஓடி ஓடி நிற்கின்றன:
பதினேழு.
அவள் தராசைப் பார்க்கவில்லை,
என் வாயைப் பார்க்கிறாள்.

ஊசி யாருடையது என்று யோசித்தபடி
பொத்தான்மேல் விரலை வைத்திருக்கிறேன்.